பதினேழு பெட்டி

வீட்டை விட்டுப் போகிறேன் என்று
என் மகள் சொன்னபோது மணி நாலு இருபது.
செங்கோட்டை வண்டி
இன்னும் சேரன்மகாதேவிக்கே வரவில்லை.

சண்டை ஒரு ரூபாய்த் துட்டால்.
தண்டவாளத்தில் வைத்துப்
பப்படம் மாதிரி ஆக்கியிருந்தாள்.
பிடுங்கிக் கன்னடியன் கால்வாயில் எறிந்தேன்.
அங்கே போகாதே என்று
நூறு தரம் சொல்லியாயிற்று.
நூற்றியோராவது தரம் கை ஓங்கிவிட்டேன்.
அடிக்கவில்லை.
ஓங்கியதையே கணக்கில் எழுதிக்கொண்டாள்.

பள்ளிக்கூடப் பை புடைத்திருந்தது.
செருப்பு கால் மாறியிருந்தது.
"எங்க போற?"
"தென்காசி. அதுக்கும் அங்கிட்டு."
"அங்கிட்டு மலைல்லா இருக்கு."
"மலைக்கும் அங்கிட்டு."
"அப்ப மலையாளம். கொட்டைச் சோறுதான் போடுவாவ, பரவால்லையா?"
யோசித்தாள்.
"பரவால்ல."

"தண்ணி எடுத்தியா?" என்றேன்.
திரும்பி வந்து பாட்டிலை நிரப்பினாள்.
"செருப்ப மாத்திப் போடு. மலை வரைக்கும் தாங்கணும்லா."
மாற்றிப் போட்டாள்.
ஒவ்வொரு சின்ன வேலைக்கும்
கோபம் ஒரு விரற்கடை குறையும் என்று என் கணக்கு.
குறையவில்லை.
கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

அப்போது பார்த்துப் போன் அடித்தது.
ஸ்டேஷன் மாஸ்டர் எண் சொன்னார்,
திருப்பிச் சொன்னேன், நோட்டில் எழுதினேன்.
நாலு எனக்கு ஒன்பது மாதிரி வந்தது.
கேட்டை இறக்கினால்
அந்தப் பக்கம் ஒரு டிராக்டர், ரெண்டு பைக்,
வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ,
அதற்கும் அப்பால்
வேப்பமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்
உலகு.

பாபநாசத்து அம்மை பேர். உலகம்மை.
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து
உலகு.

வண்டி கடக்கும்வரை
கேட்மேன் நகரக் கூடாது.
அவளுக்கும் தெரியும்.
அவள் அம்மா பீடி ஒப்படைக்கப் போயிருக்கிறாள்,
அதுவும் தெரியும்.
என்னால் ஓட முடியாத நேரம் பார்த்து
ஓடத் தெரிந்தவளுக்கு எட்டு வயது.

ஒரு சத்தம் கொடுத்தால்
டிராக்டர்காரர் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.
தூக்கிவந்த பிள்ளை
நாளைக்கும் போகும்.
பச்சைக் கொடியோடு
நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன்.
"உலகு," என்றேன், பால் வாங்கிவரச் சொல்கிற குரலில்,
"வண்டி வருது. ஓரமா நில்லு."

வந்தது.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில்
ரெண்டு செருப்பு தெரிந்தது.
மறைந்தது. தெரிந்தது.
நாலு தரம் தெரிந்தது.
பிறகு தெரியவில்லை.
என் உடம்பில்
கொடி பிடித்த கை மட்டும் சர்க்கார் வேலையில் இருந்தது.

கடைசிப் பெட்டி போய்ப் புழுதி.
புழுதிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"பதினேழு!"

தினமும் அவள்தான் எண்ணுவாள்.
நானும் எண்ணின மாதிரி
சரி என்பேன்.
இன்றைக்கு என்ன தோன்றியதோ,
"பதினாறுல்லா?" என்றேன்.

கேட்டுக்கு அடியில் குனிந்தே வந்துவிட்டாள்.
"பதினேழு! இஞ்சின விட்டுட்டுப் பதினேழு!
கொடிய வேற சாச்சுல்லா பிடிச்சிருந்த.
ஒன்ன நம்பி இத விட்டுட்டுப் போவ முடியாது போல."
லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது.
கைப்பிடியை நான் சுற்ற,
அவளும் ஒரு கை பிடித்தாள்.
டிராக்டர்காரர் ஒன்றும் தெரியாதவராகச் சிரித்துக்கொண்டு போனார்.

பையை இறக்கி வைத்தேன். என்ன கனம்.
ஒரு கவுன், பல்பொடி,
அடியில் தண்டவாளத்து ஜல்லி ஏழு.
"இது எதுக்குட்டீ?"
"நாய்க்கு."

கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த ரூவா?"
"கால்வாய்ல கெடக்கு."
"எடுத்துத் தருவியா?"
"தண்ணி அடைக்கட்டும்."
"தரலன்னா ஞாயித்துக்கிழம போயிருவேன்."

சிவப்பு விளக்குக்குத் திரி பார்க்கிற மாதிரி
குனிந்துகொண்டேன்.
"அன்னைக்கு வண்டி லேட்டு," என்றேன்.
"சாப்ட்டுட்டே போலாம்."